கண்டுபிடித்தவர் பெயர்

தொப்பென்று ஏதோ விழுந்தது. பின்னாலேயே சரசரவென்று எதையோ இழுக்கிற மாதிரி சத்தம்.

ஐலா குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரை ஊரான டலூத்தில் மாலை ஐந்தரைக்கே கும்மிருட்டு. கூரையில் குவிந்து கிடந்த பனிதான் சரிந்திருந்தது.

புருஷன் எரிக் இரும்புத்தாதுக் கப்பலோடு ஏரிக்குப் போய்விட்டால் அவளுக்கு எந்தச் சத்தமும் சாதாரணச் சத்தமில்லை. படபடப்பு அடங்கட்டும் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். படபடப்பு இன்னும் கூடியது.

அறிவிப்பு வந்துவிட்டது.

வெப்சைட் நடத்த உதவும் இலவச மென்பொருள் ஒன்று. அதோடு சேர்த்துக்கொள்ள யார் வேண்டுமானாலும் ப்ளகின் என்கிற குட்டித் துணை மென்பொருள் எழுதித் தரலாம். அதில் ஓட்டை உண்டா, திருட்டு உண்டா என்று சோதிப்பது ஒரு குழுவின் வேலை. சம்பளம் கிடையாது. ஐலா அதில் ஒருத்தி. குழந்தை தூங்குகிற நேரமெல்லாம் உட்கார்ந்து, ஏகப்பட்ட கடைக்காரர்கள் நம்பிப் பயன்படுத்துகிற ஒரு ப்ளகின் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளை ரகசியமாக வெளியே அனுப்புவதைக் கண்டுபிடித்தது அவள்தான்.

அப்படி ஒன்றைப் பிடித்துத் தளத்திலிருந்து தூக்கினால், கண்டுபிடித்தவர் பெயரை அறிவிப்பில் போடுவார்கள். அந்தக் குழுவில் கிடைக்கிற கூலி அது ஒன்றுதான்.

'கண்டுபிடித்தவர்: லோரன் ஹிர்டில்' என்று போட்டிருந்தது.

லோரன் குழுவின் தலைவர். தூரத்தில், கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் இருப்பவர். நேரில் பார்த்ததில்லை. நல்ல மனுஷர் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கு இன்டர்வியூ; லோரனிடமும் சொல்லியிருந்தாள். குழந்தை பிறந்த பிறகு வருகிற முதல் இன்டர்வியூ. இத்தனை நாள் வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு வரியைத்தான் நம்பியிருந்தாள்.

லோரனின் செல்லுக்கு அடித்தாள். பிஸி. மறுபடியும் பிஸி. தப்பித்து ஓடுகிறார் என்று தோன்றியது.

எரிக்குக்கு லைன் கிடைத்தது. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு அவளைவிடக் கோபம்.

“உழைக்கறது நீ, பேர் வாங்கறது அந்தக் கிழமா? ஊரறியப் போட்டு உடை” என்றான். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

யாரும் படிக்கக்கூடிய குழுவின் இணைய அரங்கில் மளமளவென்று எழுதினாள். கண்டுபிடித்தது நான்தான், ஐலா கோஸ்கினென், டலூத் என்று ஆரம்பித்து ஆதாரத்தோடு எழுதி முடித்தாள். பட்டனை அமுக்கப் போனவளுக்கு மனசு கேட்கவில்லை. அவசரத்துக்கென்று லோரன் கொடுத்திருந்த வீட்டு நம்பருக்குக் கடைசியாக ஒரு தடவை அடித்தாள்.

அவர் மனைவி முரியல் எடுத்தாள். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம்.

“லோரனா? மீன் பொரிச்சுட்டிருக்கார் கண்ணு. செல்லை மேஜைமேல கிடத்திட்டார். ஒருத்தன் சாயந்தரத்துலேர்ந்து அதுல கத்திட்டிருக்கான்.”

“யாரு?”

“அந்த ப்ளகின்காரன்தான். வெச்சா மறுபடி அடிக்கறான். கத்தட்டும், அவன் தொண்டைதானேன்னு விட்டுட்டோம். நடுநடுவுல நான் ஒரு 'உம்' போடறேன்.”

ஐலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “முரியல், அதைக் கண்டுபிடிச்சது நான். என் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டிருக்கார்.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது. முரியலின் குரல் தணிந்தது.

“எரிக் கரைக்கு வர்ற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னார். சொல்லாம இருந்தா நீ வேற மாதிரி நெனைக்கறே. போன வருஷம் இந்த ஆளோட இன்னொரு ப்ளகினைத் தூக்கினாங்க. அதைக் கண்டுபிடிச்ச பையனோட வீட்டைத் தேடிப் போய், ராத்திரி பூரா வாசல்ல நின்னிருக்கான். அதான் இந்தத் தடவை இவர் தன் பேரையும் செல் நம்பரையும் போட்டார். 'இங்க வரணும்னா பனியில நாள் கணக்கா வண்டி ஓட்டணும். வந்தா மீன் போடறேன்'ங்கறார்.”

ஐலா இன்டர்வியூ என்று மட்டும் முனகினாள்.

“அந்தக் கம்பெனிக்குக் காலையிலேயே போன் பண்ணிட்டார். அரை மணி நேரம் உன் புராணம்தான். விஷயம் வெளியே போகக்கூடாதுன்னும் வாக்கு வாங்கிட்டார். நீ எங்கேயும் எதுவும் எழுதிடலையே?”

“இல்ல” என்றாள் ஐலா. கண்ணை மூடி மூச்சை விட்டாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அந்த மாலையில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்புறம் ஞாபகம் வந்து, அந்த ஆள் எந்த ஊர்க்காரன் என்று கேட்டாள்.

“சுப்பீரியர். ஏன் கண்ணு, அது உங்க ஊர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே?”

எழுதியதை ஓர் எழுத்து விடாமல் அழித்தாள் ஐலா. பிறகு குழந்தையோடு எழுந்து போய், வாசல் கதவை உள்ளே தாழிட்டாள்.