மீதி எட்டு

என் பேரை முதலில் கெடுத்தவர் சுவிசேஷமுத்து. எங்கள் சபையின் செயலாளர். அதையும் ஆராதனை முடிந்து, அறிவிப்பு நேரத்தில், மைக் பிடித்துச் செய்தார்.

நாங்கள் குடியிருந்த கிளமெண்டிக்கு ரயில் வந்த வருஷம் அது. என் மனைவி ஆனி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சபைப் பாடகர் குழுவில் பாடியவள். அவள் நினைவாகச் சபை ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டரும் அதை வைக்க ஒரு மேஜையும் வாங்கிக் கொடுத்தேன்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கம்ப்யூட்டர் பற்றி எனக்கு என்ன தெரியும்? டன்லப் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருந்த ரவூப் பாய்தான் பார்த்துக் கொடுத்தார். உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க் நாற்பது எம்.பி. என்றார். அப்படியென்றால் என்ன பாய் என்று கேட்டேன். எழுதினதையெல்லாம் உள்ளே வைக்கிற இடம், நாற்பது ரொம்பப் பெரிசு, சபைக்கு ஆயுசுக்கும் போதும் என்றார்.

அதைத்தான் நானும் சபையில் சொன்னேன். நாற்பது. 'ஆனி இயேசுதாசன் நினைவாக' என்று பொறித்த சின்னப் பித்தளைத் தகட்டை இரண்டு ஸ்குரூ போட்டு மேஜையில் முடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு சுவிசேஷமுத்து மைக்கைப் பிடித்தார். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்ப்பவர். அவர் சொன்னால் சபைக்கு வேதவாக்கு.

"கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது என்றார்கள். முப்பத்திரண்டுதான் காட்டுகிறது. தேவனுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை மறைத்து வைத்த புருஷனும் பெண்சாதியும் என்ன ஆனார்கள் என்று சபையாருக்குத் தெரியும்."

தெரியும். இரண்டு பேரும் விழுந்து செத்தார்கள். என் வீட்டில் ஒருத்தி ஏற்கெனவே செத்திருந்தாள்.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

வாசலில் அவரே தகட்டையும் இரண்டு ஸ்குரூவையும் டிஷ்யூவில் சுற்றி என் கையில் வைத்தார்.

"விஷயம் தெளிவாகுற வரைக்கும்தான் பிரதர். தப்பா எடுத்துக்காதீங்க."

நேரே ரவூப் பாய் கடைக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு நாகூர் போயிருக்கிறார், வர நாளாகும் என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

அதுவரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சில் நான் மட்டும்தான். காணிக்கைப் பையை நீட்டுகிறவர் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனியோடு பக்கத்தில் நின்று பாடிய ரூத், என்னைக் கண்டால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவாள்.

பாய் ஊரிலிருந்து வந்ததும் சண்டை போடத்தான் போனேன்.

"என் பொண்டாட்டி பேர் போட்ட சாமான் பாய். அதுல எட்டைத் திருடிட்டீங்களே."

அவர் கோபப்படவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, வாங்கண்ணே என்று என்னோடு சபை ஆபீசுக்கு வந்தார். சுவிசேஷமுத்து அங்கே இருந்தார்.

பாய் குனிந்து கீபோர்டில் ஏதோ தட்டினார். திரையில் மீதி எட்டும் வந்து நின்றது.

இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே பார்வையில் முப்பத்திரண்டுக்கு மேல் தெரியாதாம். அதனால் பெரிய டிஸ்க் என்றால் இரண்டாகப் பிரித்துத்தான் போட்டுக் கொடுப்பார்களாம்.

"ரெண்டு ரூம் வீடு சார்," என்றார் பாய். "நீங்க முன் ரூமை மட்டும் பார்த்துட்டு, வீடு சின்னதுன்னு சொல்லிட்டீங்க."

சுவிசேஷமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எட்டு அங்கேயேதான் இருந்தது.

"மைக்கில சொன்னீங்க. மைக்கிலயே சொல்லிடுங்க," என்றேன்.

"வர்ற ஞாயிறே சொல்றேன் பிரதர். முன்னால வந்து உட்காருங்க."

திரும்பி வரும்போது, "சொல்லிடுவார்லா. படிச்ச மனுசன்," என்றார் பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆனிக்குப் பிடித்த வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டேன். சட்டைப் பையில் தகடும் ஸ்குரூவும். பேன்ட் பையில் ஸ்குரூடிரைவர். முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அறிவிப்பு நேரம் வந்தது. சுவிசேஷமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சபையாருக்கு ஒரு சந்தோஷச் செய்தி. பிரதர் இயேசுதாசன் இந்த வாரம் தானாகவே ஆபீசுக்கு வந்து என்னிடம் மனம்விட்டுப் பேசினார். கம்ப்யூட்டர் விஷயம் இன்றோடு முடிந்தது. நம் சபை அவரை முழு மனதோடு மன்னிக்கிறது."

எல்லோரும் ஆமென் என்றார்கள்.

எழுந்து பேசப் பார்த்தேன். அதற்குள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காணிக்கைப் பைக்காரர் கட்டிப்பிடித்தார். ரூத் அழுதுவிட்டாள். ஆனி இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்றாள்.

வாசலில் சுவிசேஷமுத்துவை நிறுத்திக் கேட்டேன். செயலாளருக்கே பார்க்கத் தெரியவில்லை என்று வெளியே போனால் சபைக்குத்தானே பிரதர் கெட்ட பேர், அதான் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்றார். அடுத்தவர் கையைக் குலுக்கப் போய்விட்டார்.

மன்னிக்கப்பட்டவன் அதற்குமேல் வாயைத் திறந்தால், திருந்தவில்லை என்பார்கள்.

தகடு இன்னும் என் வீட்டு டிராயரில்தான் கிடக்கிறது. சபை எனக்கு மன்னிப்பைக் கொடுத்துவிட்டது. அந்த எட்டைத்தான் இன்னும் கொடுக்கவில்லை.