நிறப்பட்டியல்

அம்பத்தூர் ஸ்டூடியோவில் கார்ட்டூன் படங்களுக்கு நிறம் தீட்டுபவள் எழில். புதிய படத்தின் நாயகி, பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் ஆப்பிரிக்கச் சிறுமி.

"இன்னாம்மா இவ்ளோ கறுப்பா கீது? வெளுப்பாக்கு. இல்லாங்காட்டி வேற ஆள வெச்சிக்கிறேன்" என்றார் முதலாளி ஜானகிராமன்.

"நிறத்துல தப்பில்ல சார். வெளிச்சம்தான் தப்பா விழுது."

எழில் படத்திலிருந்த விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினாள். சிறுமியின் கன்னம் பளபளத்தது.

"அட, அழகாத்தான் கீது! இந்த நிறத்த எங்க புட்ச்ச?"

"நம்ம நிறப்பட்டியல்லதான் சார். ஆனா குழந்தைங்களுக்குன்னு இருக்கிற நிறங்கள்ல இல்ல."

"அப்பால எங்க?"

"திருடனுங்களுக்கான நிறங்கள்ல. பேரு 'திருடன் 4'."

எந்தப் பாத்திரத்துக்கு எந்தத் தோல் நிறம் என்று பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பட்டியலைப் போட்டவர் ஜானகிராமன்தான். அவர் கணினி முன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருடைய கறுத்த விரல்கள் 'திருடன் 4' என்பதை அழித்து, 'குழந்தை 1' என்று தட்டின.