நான்கு அங்குலம்

கௌதம் ஆசையாக வாங்கிய புது ஸ்போர்ட்ஸ் காரில், ஓட்டுநர் இருக்கை தினமும் காலையில் நான்கு அங்குலம் முன்னால் நகர்ந்திருந்தது. அவனுடைய முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. சேக்காட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஜஸ்டின் அதைக் கழற்றிவிட்டு, நகராத பந்தய இருக்கையைத் காரின் தரைத்தகட்டில் துளையிட்டு போல்ட் போட்டு முறுக்கினார்.

மறுநாள் அதுவும் முன்னால் இருந்தது. போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. முந்தின நாள் துளைத்த இடத்தில் துளையே இல்லை.

“ஊட்ல வேற யார்னா ஓட்றாங்களா, தம்பி?” என்றார் ஜஸ்டின்.

“இல்லண்ணே. என் வொய்ஃப் கனிமொழிதான் ஓட்டக் கத்துக்கினு இருந்தா. என் தோள் உயரந்தான் இருப்பா. வண்டி வர்றதுக்குள்ள தவறிட்டா.”

ஜஸ்டின் ஸ்பேனரை எடுத்தார். “பின்னால தள்ளிடட்டா?”

“வேணாண்ணே. அப்படியே இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை கௌதம் சாவியை ஸ்டீயரிங் பக்கத்தில் செருகி வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையைக் காலியாக விட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.