வடக்கு மூலைப் பூசணி

மண் பரிசோதகர் பூசணிக்காயைப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் கறுத்து அழுகியிருந்தது.

"மண்ணுல கால்சியம் பத்தல. அதுலயும் இந்த வடக்கு மூலை ரொம்ப மோசம்."

"இருக்காதே சார்," என்றான் தோட்டத்துச் சொந்தக்காரன். "அண்ணன் வெளிநாடு போன வருஷம் இங்கதான் ஒரு மூட்டை ஆட்டெலும்பு புதைச்சேன். அஞ்சு வருஷமாச்சு, மக்கியிருக்குமே."

"நீங்க வர்றதுக்குள்ள ஆளுயரம் தோண்டிப் பாத்துட்டேன். ஒரு துண்டு எலும்புகூட இல்ல."

அவன் பூசணிக் கொடியை விலக்கிக் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"உங்களை யாரு வரச்சொன்னா? என் சம்சாரமா?"

"இல்லையே, உங்க அண்ணன்தான்." பரிசோதகர் மண்வெட்டியைத் துடைத்தார். "எலும்பு இருக்குன்னு தம்பி அடிச்சுச் சொல்லுவான், நம்பாம தோண்டிப் பாருங்கன்னாரு. இப்ப அவரே வந்துக்கிட்டிருக்காரு. குழியை மட்டும் மூட வேண்டாம்னு சொன்னாரு."