இன்னும் பத்து நிமிஷம்

பாங்காக் சாலையோரத்தில் சிரிபோர்னின் காரும், அவள் இடித்துவிட்ட பைக்கும் ஒரு மணி நேரமாய்க் கிடந்தன. இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்ப்பதற்குள் நகர்த்தினால் க்ளெய்ம் கிடைக்காதாம்.

"பிரீமியத்த மட்டும் வருஷா வருஷம் ஏத்துறீங்க, ஒரு ஆள அனுப்ப வலிக்குதா?" போனில் கத்தினாள்.

"கிளம்பிட்டாரும்மா. இன்னும் பத்து நிமிஷம்."

பைக்காரர் வுத்திச்சாய் நடைபாதையில் உட்கார்ந்து சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கோவமே வராதாண்ணே?"

"அவனுங்களும் பாவம்மா."

"பாவமா? எங்கயாச்சும் படுத்துத் தூங்குவானுங்க!"

வுத்திச்சாயின் போன் அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் கத்தியது சிரிபோர்னுக்கே கேட்டது.

"இடிபட்ட காரோட ஒன்றரை மணி நேரமா நிக்கிறேன். இன்சூரன்ஸ்காரரே, எங்கய்யா இருக்கே?"

வுத்திச்சாய் நெளிந்து கிடந்த தன் பைக்கைப் பார்த்தார்.

"கிளம்பிட்டேம்மா. இன்னும் பத்து நிமிஷம்."