பூசிய பழசு

மதிய வெயிலில் தகரக் கூரை படபடவென்று சத்தம் போடுகிறது. ஷூ கம்பெனியின் பெரிய அறையில் இன்று இரண்டே பேர்: சாயம் பூசும் அக்காவும் சூப்பர்வைசரும். புது ஷூவின் வெள்ளை ரப்பர் ஓரத்தில் லேசாக மஞ்சள் தடவி, ஐம்பது வருஷப் பழசுபோலக் காட்டுவதுதான் அவள் வேலை. அந்த மஞ்சளுக்காகப் பிள்ளைகள் விடியும் முன்பே கடை வாசலில் வரிசை கட்டினார்கள். மோகம் முப்பது நாள் என்பார்கள். இந்த ஷூவுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. பிறகு விற்காமல் கடைகள் திருப்பி அனுப்பிய பெட்டிகள் கோடை முழுக்கக் கூரைக்கடியில் கிடந்து, இப்போது ஜன்னலைப் பாதி மறைத்து நிற்கின்றன. வெள்ளையாக்கிக் கொடுத்தால் ஒரு மொத்த வியாபாரி எடுத்துக்கொள்வாராம். அந்தப் பணத்தில் கம்பெனி இன்னும் சில மாதம் ஓடும். அவள் சாயத்தைக் கரைக்கும் தின்னரைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கிறாள். "பழசாக்கத் தெரிஞ்ச கைக்குப் புதுசாக்கத் தெரியாதாக்கா?" என்று சிரிக்கப் பார்க்கிறார் சூப்பர்வைசர். "நான் பூசினது போயிடுச்சு சார்." பஞ்சைக் காட்டுகிறாள், அவளுடைய மஞ்சள் முழுவதும் அதில் இருக்கிறது. ஷூவைப் பாதி ஜன்னலின் வெளிச்சத்துக்குத் திருப்புகிறாள். ரப்பர் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. "இது பெட்டிக்குள்ள தானா வந்த பழசு. இத எப்படி எடுக்கிறது?" அவர் இன்னொரு பெட்டியைத் திறக்கிறார், பிறகு இன்னொன்றை. எல்லாவற்றிலும் அதே மஞ்சள். எட்டாவது பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, வியாபாரியை வரவேண்டாம் என்று சொல்ல, போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். பஞ்சில் ஈரம் காய்ந்த பிறகும் அவள் அந்த ஒரே ஷூவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.