நாலாவது இதழ்

“பாரு, மறுபடியும் அழிக்கிறான்!”

கல்லாவில் உட்கார்ந்திருந்த உஸ்மான் கனி தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய பேக்கரி மாஸ்டர் அமல்ராஜ், அப்போதுதான் கேக் மேல் போட்டு முடித்த க்ரீம் ரோஜாவைக் கத்தியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டான். திரும்பவும் முதல் இதழிலிருந்து ஆரம்பித்தான்.

“அரை மணி நேரத்துல எத்தினி பூ ஆச்சு?”

“நாலு, பாய்” என்றாள் கவுன்டரில் நின்ற காவ்யா.

“கரையான்சாவடிக்காரங்க கேக்குக்கு இருபது பூ. ஆறு மணிக்கு வந்து நிப்பாங்க. நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?”

அமல்ராஜ் லேசுப்பட்ட மாஸ்டர் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ரோஜா போடுகிற கை. பூந்தமல்லியிலேயே இவனைப் போல ஆள் கிடையாது என்று பாயே ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். இந்த ஒரு மாதமாகத்தான் சாயங்காலம் நாலரை மணி ஆனால் போதும், கை ஆமையாகிவிடுகிறது.

உள்ளே கிடந்த மேசையை வாசல் கண்ணாடியோரம் இழுத்துப் போட்டதும் அவன்தான். கேட்டால், “இங்க வெளிச்சம் நல்லா கீது பாய்” என்றான்.

வெளிச்சமாம், வெளிச்சம்! பாய்க்குத் தெரியாதா என்ன? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். அங்கே தினமும் ஒரு பெண் வந்து நிற்கிறாள். பஸ்ஸிலும் ஏறுவதில்லை, கடைக்குள்ளும் வருவதில்லை. இவனையே பார்க்கிறாள். இவனும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறான்.

பொறுக்க முடியாமல் நேற்று, ‘சனிக்கிழமை சலுகை’ என்று பெரிய போஸ்டர் ஒன்றை அமல்ராஜுக்கு நேரே கண்ணாடியில் ஒட்டிவிட்டார் பாய். அப்படியும் அவள் விடவில்லை. இன்றைக்குக் குதிகாலை உயர்த்தி, ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும் பாய்” என்றாள் காவ்யா.

“அதான் எனக்கு இன்னும் பத்திக்கினு வருது. ஐயய்ய, ஜாடை வேற காட்றான் பாரு!”

அமல்ராஜ் கண்ணாடியைப் பார்த்து நாலு விரலை உயர்த்திக் காட்டினான். வெளியே அவள் தலையாட்டினாள். உடனே அவன் ரோஜாவை வழித்து எடுத்தான்.

பாய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“டேய், நாளைக்கு நாலு மணிக்கு எங்கடா வரச் சொல்ற அவள? வேலை செய்ய வந்தியா, வேற எதுக்கு வந்தியா? போதும்டா சாமி. நாளையிலேர்ந்து வேற கடை பாத்துக்க!”

அமல்ராஜின் முகம் செத்துவிட்டது. “இன்னும் ஒரே ஒரு பூ, பாய்” என்றான்.

கேட்க பாய் அங்கே இல்லை. அந்தப் பொம்பளையையும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வெளியே பாய்ந்தார்.

அவர் பின்னால் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. இடது கையில் டிபன் டப்பா மூடி. வலது கையில் மூலை வெட்டிய பால் கவர். அதைப் பிதுக்கிப் பிதுக்கி மூடியில் வெள்ளையாக ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இதழ். இரண்டு. மூன்று. நாலாவது சாய்ந்து விழுந்தது.

“ச்சே!” என்று வழித்தெடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

உள்ளே, வேலை போன அமல்ராஜ் தன் ரோஜாவையும் வழித்தான். நாலு விரலைக் காட்டிவிட்டு, க்ரீம் பிதுக்கும் கோனை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று மெதுவாகச் சாய்த்துக் காட்டினான்.

“இன்னாமா இது?” என்றார் பாய்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“உளுந்து மாவு, பாய். க்ரீமுக்கு எங்க போவேன்? கத்துக்கினு போயி இதையே வடையா சுட்டுருவேன்.”

“யாருமா நீ?”

“கன்னியம்மா, பாய். குக்கர்ல கேக்கு எனக்கு நல்லா வருது. மேல பூ இருந்தாதான் ஆர்டர் குடுப்போம்ன்றாங்க. முகப்பேர்ல ஒரு ஃபிளாட்ல கிளாஸ் நடக்குது. காலைல பத்து மணிக்காம். அந்த நேரத்துல நான் அதே ஃபிளாட்ல படிக்கட்டு தொடச்சிக்கினு கீறேன்.” குரல் இறங்கியது. “மாஸ்டர திட்டாதீங்க பாய். அவரு கூப்புடல. நானாதான் வந்து நின்னேன்.”

பாய் விறுவிறுவென்று உள்ளே வந்தார். அமல்ராஜ் ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.

“வாயில இன்னாடா வெச்சிருந்த? சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?”

“கடைத் தொழில வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான் பாய் சொல்லிக்கீறீங்க.”

“அப்புறம் எதுக்குடா சொல்லிக் குடுத்த?”

அமல்ராஜ் ஏப்ரனையே பார்த்துக்கொண்டு சொன்னான். “நான் இங்க ட்ரே கழுவிக்கினு இருந்தப்போ, பழைய மாஸ்டர் எனக்கு முதுகக் காட்டிக்கினுதான் பூ போடுவாரு. அவரு முழங்கை ஆடறத பாத்துதான் கத்துக்கினேன். அதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு பாய்.”

பாய் அவன் கையிலிருந்த ஏப்ரனைப் பிடுங்கி அவன் மேலேயே எறிந்தார். பிறகு பழைய கோபத்தோடேயே கத்தினார்.

“ஏப்ரன மாட்டுடா! அந்தம்மாவுக்கு நாலாவது இதழ் இன்னும் சாயுது. கரையான்சாவடிக்காரன் வந்து கத்தினா நான் வாங்கிக்கறேன்.” சட்டென்று திரும்பினார். “காவ்யா! எந்த அறிவு கெட்டவன் இந்த போஸ்டர இங்க ஒட்டுனது?”

“நீங்கதான் பாய்.”

“அது எனக்குத் தெரியும். மொதல்ல கிழிச்சுப் போடு!”